"பழகிடும்" என்பது பாதி உண்மை: காது மெஷினோடு முதல் சில மாதங்கள்

காது கேட்கும் கருவியைப் புதிதாகப் போட்டுக்கொண்டவர் முதல் வாரத்தில் அதிகம் கேட்கும் சொல் "பழகிடும்" என்பதாகத்தான் இருக்கும். பொருத்திவிட்ட ஆடியாலஜிஸ்ட் சொல்வார், வீட்டில் இருப்பவர்கள் சொல்வார்கள், ஏற்கெனவே போட்டிருக்கும் பழைய நண்பர் போன் பண்ணிச் சொல்வார். பொய் இல்லை, பாதி உண்மை. சில தொந்தரவுகள் நாள் போகப் போகத் தானாகவே மறைந்துவிடும். சில தொந்தரவுகள் எத்தனை மாதம் காத்திருந்தாலும் போகாது. கருவியைத் திருத்தினால்தான் போகும். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் பார்த்தவர்களின் கருவிகள் பல, கடைசியில் மேஜை டிராயருக்குள் போய்ச் சேருகின்றன.

என் பெரியப்பா கருவி பொருத்திக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்று நாற்காலியில் உட்கார்ந்ததும், "யாரு அங்க காகிதத்தைக் கசக்கிட்டே இருக்கீங்க?" என்று கேட்டார். யாரும் கசக்கவில்லை. அவர் போட்டிருந்த புதுச் சட்டைதான். கையை அசைக்கும்போதெல்லாம் அது சரசரத்தது. அவருடைய சட்டைகள் அத்தனை வருடமும் சரசரத்துக்கொண்டுதான் இருந்திருக்கின்றன. அவருக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான். அப்புறம் செருப்பு, மின்விசிறி, குழாய், ஃப்ரிட்ஜ் என்று ஒவ்வொன்றாக வந்தது. இருட்டுவதற்குள் கருவியைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, "இவ்வளவு சத்தத்துல எப்படிடா இருக்கீங்க?" என்றார்.

அந்த நாளுக்கும், கருவி காதில் இருப்பதே மறந்துபோகிற நாளுக்கும் நடுவில் என்னதான் நடக்கிறது?

கண்ணாடி போட்டதும் தெரிகிறதே, இதற்கு மட்டும் ஏன் மாதக்கணக்கு?

பார்வை மங்கலுக்குக் கண்ணாடி போடும்போது பெரும்பாலும் விழித்திரையில் கோளாறு இருக்காது. ஒளி சரியான இடத்தில் குவியவில்லை. குவித்துக் கொடுத்தால் வேலை முடிந்தது. வயதாலோ பல வருடம் இரைச்சலில் வேலை பார்த்ததாலோ வரும் காது மந்தம் அப்படியில்லை. இங்கே கெட்டிருப்பது விழித்திரைக்குச் சமமான இடம். உள்காதில் நத்தை ஓடுபோலச் சுருண்டிருக்கும் காக்லியாவுக்குள், ஒரு காதுக்குச் சுமார் 15,000 மயிர்ச்செல்கள் இருக்கின்றன. அவற்றில் ஏறக்குறைய 3,500 தான் அதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றி மூளைக்கு அனுப்புபவை. மீதி உள்ள சுமார் 12,000, வெளி வரிசைச் செல்கள். மெல்லிய ஒலிகளை உந்திப் பெரிதாக்கிக் கொடுப்பது அவற்றின் வேலை. மனிதக் காதில் இவை ஒருமுறை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. ஆகவே எவ்வளவு நல்ல கருவியானாலும், மிச்சம் இருக்கிற செல்களை வைத்துத்தான் வேலை பார்க்க வேண்டும்.

காக்லியாவின் வாசல் பக்கத்துச் செல்கள் கீச்சென்ற ஒலிகளுக்கானவை. உள்ளே போகப் போகத் தடித்த ஒலிகள். பெரும்பாலும் முதலில் கெடுவது வாசல் பக்கம்தான். பேச்சில் அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகள் தடித்தவை, வலுவானவை. ச, ஸ, ஷ, ஃப போன்றவை கீச்சானவை, மிக மெலிந்தவை. காது மந்தமானவர்கள் வழக்கமாகச் சொல்லும் "கேக்குது, ஆனா புரியலை" என்பதற்கு இதுதான் காரணம். குரல் வந்து சேர்கிறது. ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரிக்கும் மெல்லிய மெய்யொலித் தடயங்கள் வரவில்லை. பட்டா, பத்தா என்று மூளை ஊகிக்க வேண்டியதாகிறது. தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு என்று எனக்குத் தோன்றும். யார் செய்தார், எப்போது செய்தார், செய்தாரா இல்லையா என்பதெல்லாம் வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. நாமோ வாக்கியத்தின் வாலை முழுங்கிப் பேசுகிறவர்கள். "வரேன்" என்றாரா "வரலை" என்றாரா என்பது அந்தக் கடைசி அரைச் சொல்லில் போய்விடும்.

பிரச்சினை அதோடு நிற்பதில்லை. வெளி வரிசைச் செல்கள் போனால் மெல்லிய ஒலி கேட்காது. ஆனால் பெரிய ஒலி முன்பு போலவே பெரிதாகத்தான் கேட்கும். கேட்கவே கேட்காததற்கும் தாங்க முடியாததற்கும் நடுவில் உள்ள இடைவெளி சுருங்கிவிடுகிறது. வீட்டில் தாத்தா "சத்தமா பேசு, சத்தமா பேசு" என்பார், நாம் கொஞ்சம் ஏற்றினதும் "எதுக்குக் கத்துற?" என்று கோபித்துக்கொள்வார். அது பிடிவாதம் இல்லை. அவர் காதில் அந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது சில படிகள்தான்.

இப்போதைய டிஜிட்டல் கருவிகள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. மெல்லிய ஒலியை நிறையக் கூட்டும், நடுத்தர ஒலியைக் கொஞ்சம் கூட்டும், பெரிய ஒலியை ஏறக்குறைய அப்படியே விட்டுவிடும். அதுவும் ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் தனித்தனிக் கணக்கு. ஆடியோகிராம் என்ற வரைபடத்தில் 250 ஹெர்ட்ஸ் முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை உங்கள் காது எங்கெங்கே எத்தனை டெசிபல் இறங்கியிருக்கிறது என்று அளப்பது அதற்காகத்தான். வெறுமனே சத்தத்தைப் பெரிதாக்கும் பெட்டிக்கும் அளந்து பொருத்தும் கருவிக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான்.

பழகுவது காது அல்ல, மூளை

நீங்கள் போட்டிருக்கும் சட்டையின் காலர் கழுத்தில் படுகிறது. இந்த வரியைப் படிக்கும்வரை அது உங்கள் நினைவிலேயே இருந்திருக்காது. தோல் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கிறது; மூளைதான் "இது ஒன்றும் இல்லை" என்று ஒதுக்கி வைத்திருக்கிறது. ஒலிகளிலும் இதே கதைதான். நன்றாகக் கேட்கிறவர்களுக்கு மின்விசிறியும் ஃப்ரிட்ஜும் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றன, கவனத்துக்கு வருவதில்லை.

காது மந்தமானவர் பெரும்பாலும் கருவிக்கு வருவதற்குள் பல வருடங்கள் கழிந்திருக்கும். இறக்கம் மெதுவாக நடப்பதால், அந்த அமைதியே இயல்பு என்று மூளை பதிவு செய்துகொண்டிருக்கும். ஒதுக்க வேண்டிய ஒலிகளின் பட்டியலும் காலாவதியாகியிருக்கும். திடீரென்று ஒரு நாள் காலையில் எல்லா ஒலிகளும் திரும்பி வரும்போது, எது முக்கியம், எது சும்மா என்று மூளைக்குத் தெரியாது. அதனால் சட்டைக்கும் பேத்தியின் குரலுக்கும் ஒரே மரியாதை கிடைக்கிறது. அந்தப் பட்டியலைத் திரும்ப எழுதும் காலத்துக்குத்தான் நாம் "பழகுவது" என்று பெயர் வைத்திருக்கிறோம். கேட்டால்தான் மூளையால் ஒதுக்கக் கற்றுக்கொள்ள முடியும். கழற்றி வைத்திருக்கும் நேரத்தில் பட்டியலில் ஒரு வரிகூட ஏறாது.

ஆராய்ச்சிகளில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. 1989-இல் கிளாஸ்கோவில் ஸ்டூவர்ட் கேட்ஹவுஸ், இரண்டு காதும் ஒரே அளவு மந்தமாக இருந்து, ஒரு காதில் மட்டும் கருவி போட்டு வந்தவர்களைச் சோதித்தார். ஒலியை உரக்க வைத்தால் கருவி போட்டுப் பழகிய காது நன்றாகப் புரிந்துகொண்டது. ஒலியைக் குறைத்து வைத்தால் கருவி போடாத காது நன்றாகச் செய்தது. இரண்டு சோதனையிலும் கருவியைக் கழற்றியாயிற்று. வித்தியாசம் கருவியில் இல்லை. ஒவ்வொரு காதும் அன்றாடம் எந்த அளவு ஒலியைக் கேட்டு வந்ததோ, அந்த அளவில் கெட்டிக்காரக் காதாகியிருந்தது. 1992-இல் அவர் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், பேச்சைப் புரிந்துகொள்வதில் வந்த முன்னேற்றம் போட்டவுடன் தெரியவில்லை. 6 முதல் 12 வாரங்களில் மெதுவாக எட்டிப்பார்த்தது.

அதற்கு முன்பே, 1984-இல் அமெரிக்காவில் சில்மன், கெல்ஃபாண்ட், சில்வர்மன் மூவரும் இதன் மறுபக்கத்தைக் காட்டியிருந்தார்கள். இரண்டு காதும் மந்தமாக இருக்க ஒன்றில் மட்டும் கருவி போட்டவர்களுக்கு, சில வருடங்களில் போடாத காதின் சொல் புரியும் திறன் இறங்கியது. இரண்டிலும் போட்டவர்களிடம் அந்த இறக்கம் காணவில்லை. இரண்டு காதும் மந்தமென்றால் இரண்டிலும் போடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நேர்மையாகச் சொன்னால், பின்னால் வந்த சில ஆய்வுகளில் சொல் புரியும் மதிப்பெண் பெரிதாக ஏறவில்லை. ஆகவே "மூணு மாசத்துல பிரமாதமா கேக்கும்" என்று யாராவது வாக்குக் கொடுத்தால் அதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளுங்கள். எரிச்சல் குறைவதும், ஒலி இயல்பாகத் தோன்றத் தொடங்குவதும் பலருக்கு நடப்பவை. என் கணக்கில் அதுவே பெரிய லாபம். எரிச்சல் குறையாத கருவியை யார் போடப்போகிறார்கள்?

சொந்தக் குரல் என்னும் முதல் தடை

இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டு "ஈ" என்று நீட்டிச் சொல்லிப் பாருங்கள். தலைக்குள் பீப்பாய் உருள்வதுபோல் இருக்கும். பேசும்போது நம் குரல் வாய் வழியாக மட்டும் காதுக்கு வருவதில்லை. தாடை எலும்பும் காதுக் குழாயின் சுவரும் அதிர்ந்து, குழாய்க்குள்ளேயே தடித்த ஒலி உண்டாகிறது. திறந்த காதில் அது வெளியே போய்விடும். எதையாவது வைத்து அடைத்தால் உள்ளேயே மாட்டிக்கொண்டு செவிப்பறையில் போய் மோதும். கருவியின் முனையும் ஓர் அடைப்புதானே? புதிதாகப் போட்டவர்கள் "கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கு" என்பது இதைத்தான்.

இதைப் பொறுப்பதா, சொல்வதா என்று முடிவு செய்ய ஒரு சின்ன சோதனை உண்டு. கருவியைக் காதிலேயே வைத்துக்கொண்டு அதை அணைத்துவிடுங்கள். பிறகு பேசுங்கள். அணைத்த பின்னும் பீப்பாய் உருண்டால், காரணம் அடைப்பு. டோம் என்று சொல்லும் ரப்பர் முனையை மாற்றலாம், அல்லது மோல்டில் (உங்கள் காதின் அச்செடுத்துச் செய்யும் முனை) காற்றுத் துளையைப் பெரிதாக்கலாம்; எவ்வளவு மாற்றலாம் என்பது உங்கள் காது தடித்த ஒலிகளை எவ்வளவு இழந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. அணைத்ததும் குரல் சரியாகிவிட்டால், காரணம் கருவி உங்கள் குரலைப் பெரிதாக்குவது. அதை கம்ப்யூட்டரில் சில நிமிடத்தில் குறைத்துவிடுவார்கள். இரண்டுமே செய்த பிறகு மிச்சமிருக்கும் வித்தியாசத்துக்குத்தான் "பழகிடும்" என்ற சொல் பொருந்தும். சத்தமாகப் படிப்பது அதற்கு நல்ல மருந்து. தினம் கால் மணி நேரம் செய்தித்தாளையோ கதையையோ வாய்விட்டுப் படித்தால், உங்கள் குரல் எப்படி இருக்கும் என்று மூளை மறுபடி கற்றுக்கொள்ளும். தனி அறையில் உட்கார்ந்து படியுங்கள், வீட்டில் சிரிப்பார்கள்.

வாரங்கள் எப்படி நகரும்

முதல் இரண்டு மூன்று நாட்கள் கைவேலையிலேயே போகும். சிவப்புப் புள்ளி வலது காது, நீலம் இடது. காதின் பின்னால் உட்காரும் வகை என்றால், முதலில் கருவியின் உடலைக் காது மடலின் மேல் வைக்க வேண்டும். அப்புறம் மெல்லிய ஒயரின் முனையில் இருக்கும் டோமைப் பிடித்துத் துளைக்குள் விட வேண்டும். மறு கையால் காது மடலை மேலும் பின்னும் லேசாக இழுத்தால் குழாய் நேராகி முனை உள்ளே போய் உட்காரும். ஒயர் கன்னப் பக்கம் துருத்தாமல் படிந்திருந்தால் சரியாகப் போயிருக்கிறது என்று பொருள். உள்ளங்கையைக் காதருகே கொண்டுபோனால் பல கருவிகள் கொஞ்சம் விசிலடிக்கும், அது கோளாறு இல்லை. கையை எடுத்த பின்னும் விசிலடித்துக்கொண்டிருந்தால் முனை சரியாக உட்காரவில்லை.

முதல் வாரத்தில் சோர்வு வரும். காலையில் உற்சாகமாக இருந்தவர் மாலைக்குள் சிடுசிடுப்பார். கேட்பதும் ஒரு உழைப்பு என்பது நன்றாகக் கேட்கிறவர்களுக்குத் தெரியாது. அந்த நேரத்தில் அரை மணி கழற்றி வைத்துவிட்டுத் திரும்பப் போட்டால் குற்றமில்லை. முன்பெல்லாம் "முதல் நாள் ஒரு மணி, அடுத்த நாள் இரண்டு மணி" என்று ஏணிப்படிபோல ஏற்றச் சொல்வார்கள். இப்போது பலரும் விழித்திருக்கும் நேரம் முழுக்கப் போடச் சொல்கிறார்கள். நான் இரண்டாவது கட்சி, இடைவேளைகளோடு. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் கேட்டால், மீதி நேரம் மூளை பழைய அமைதியை இயல்பு என்று உறுதி செய்துகொண்டிருக்கும். இன்றைய கருவிகள் பலவற்றில் எத்தனை மணி நேரம் போட்டீர்கள் என்பது பதிவாகும். "தினமும் போடறேன்" என்று ஆடியாலஜிஸ்டிடம் சும்மா சொல்லிவிட முடியாது.

வெளியே போகும்போது மட்டும் போடுகிறவர்கள் தனி ரகம். அவர்கள் பாவம். வீட்டின் எளிய ஒலிகளிலேயே பழகாத மூளையை, நூறு பேர் ஒரே நேரத்தில் பேசும் இடத்துக்கு நேரடியாகக் கூட்டிப்போனால் அது என்ன செய்யும்? வரிசை அதற்கு நேர் எதிராக இருக்க வேண்டும். முதலில் அமைதியான அறையில் ஒருவரோடு பேசுவது. பிறகு இரண்டு பேர். பிறகு டிவியில் செய்தி, ஒருவர் நிதானமாகப் பேசுவதால். அப்புறம்தான் தெரு, கூட்டம் எல்லாம்.

இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் வீட்டு ஒலிகள் ஒவ்வொன்றாகப் பின்னுக்குப் போகும். எப்போது போனது என்று நமக்கே தெரியாது. பெரியப்பாவிடம் ஒரு நாள் "இப்போ சட்டை சத்தம் கேக்குதா?" என்று கேட்டேன். கையை ஆட்டிப் பார்த்துவிட்டு, "அட, இருக்கு" என்றார்.

சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரிவதற்கும் சில வாரங்கள் ஆகலாம். பக்கவாட்டில் இருந்து வரும் ஒலி, பக்கத்துக் காதை அடைந்த பிறகு தூரத்துக் காதை அடையக் கூடுதலாக வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது. அந்தத் தாமதத்தையும் இரண்டு காதுக்கும் உள்ள உரப்பு வித்தியாசத்தையும் வைத்துத்தான் மூளை திசையைக் கணக்கிடுகிறது. மைக் காது மடலுக்கு மேலே உட்கார்ந்துவிட்டதால், மடலின் மடிப்புகள் தரும் குறிப்புகளும் மாறியிருக்கும். தெருவைக் கடக்கும்போது இந்த நாட்களில் காதை மட்டும் நம்ப வேண்டாம், திரும்பிப் பாருங்கள்.

கருவியின் ஒலியை ஆடியாலஜிஸ்டும் பெரும்பாலும் முதல் நாளே முழு அளவுக்கு ஏற்றுவதில்லை. புதியவர் என்றால் கொஞ்சம் குறைத்து வைத்து, சில வாரங்களில் படிப்படியாகக் கூட்டுவார்கள். சில கருவிகள் தாமாகவே அப்படி ஏறும்படி அமைக்கலாம். அதனால் முதல் வாரத்தில் "சொல் இன்னும் சரியாகப் பிரியவில்லை" என்றால் நம்பிக்கை இழக்க வேண்டாம். அதே சமயம், குறைத்து வைத்தது குறைத்தபடியே நின்றுபோன கதைகளும் உண்டு. இரண்டாவது, மூன்றாவது சந்திப்பைத் தவறவிடக் கூடாது என்பது அதனால்தான். காதுக்குள் மெல்லிய குழாய் ஒன்றை விட்டு, செவிப்பறை அருகே உண்மையில் எவ்வளவு ஒலி போய்ச் சேருகிறது என்று அளக்கும் சோதனை ஒன்று இருக்கிறது. அது செய்வார்களா என்று கேட்டுவிடுங்கள்.

"சரியில்லை" என்று சொன்னால் போதாது

ஆடியாலஜிஸ்டின் கம்ப்யூட்டரில் பல அதிர்வெண்களுக்குத் தனித்தனி அளவுகள் இருக்கும். மெல்லிய ஒலிக்கு ஒன்று, நடுத்தரத்துக்கு ஒன்று, பெரிய ஒலிக்கு ஒன்று. எதைத் திருப்ப வேண்டும் என்று நம் வாய்ச்சொல்லை வைத்துத்தான் அவர் ஊகிக்க வேண்டும். "இரைச்சலா இருக்கு" என்றால் அவர் மொத்தமாகக் குறைத்துவிடுவார். இரைச்சலும் போகும், பேச்சும் போகும்.

பெரியப்பா சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தார். வங்கிக் கணக்கு எழுதுகிற மாதிரி எழுதுவார். "காலை, சமையலறை, தட்டு வைக்கும்போது ஊசி குத்துற மாதிரி." இதில் எல்லாம் இருக்கிறது: கீச்சான ஒலி, பெரிய அளவு, திடீரென்று. அந்த ஒரு இடத்தை மட்டும் குறைத்தால் போதும், பேச்சில் கை வைக்க வேண்டியதில்லை. "டிவி செய்தி, தகர டப்பாவுக்குள்ள பேசற மாதிரி." கீச்சுப் பக்கம் தேவைக்கு மேல் ஏறியிருக்கலாம், அல்லது இன்னும் பழக்கமாகவில்லை, இரண்டு வாரம் பார்க்கலாம். "பேத்தி பேசினா குரல் வருது, சொல் வரலை." இது எதிர்ப்பக்கம்: கீச்சு போதவில்லை. "என் காலடிச் சத்தம் பெரிசா இருக்கு." மெல்லிய தடித்த ஒலிகள் அதிகம் கூட்டப்பட்டிருக்கலாம். எங்கே, எந்த ஒலி, எப்படி என்ற மூன்றும் இருந்தால் அரை மணியில் வேலை முடியும்.

காத்திருக்கவே கூடாதவையும் சில உண்டு. காதில் வலி, புண், நீர் வடிதல் இருந்தால் அன்றே கழற்றிவிட்டுக் காட்டுங்கள். கருவி வலிக்கக் கூடாது, அது பழக்கமாகும் விஷயமே இல்லை. கதவு சாத்தும் சத்தத்துக்கெல்லாம் துள்ளி விழும் அளவு கூசினால், உச்ச அளவு தவறாக வைக்கப்பட்டிருக்கிறது. மெல்லும்போதும் தலையைத் திருப்பும்போதும் விசிலடித்தால் முனையின் அளவு பொருந்தவில்லை, அல்லது காதில் அழுக்கு சேர்ந்திருக்கிறது. கருவி நன்றாக இருந்தும் ஒரு காது ஓரிரு நாளில் திடீரென்று மந்தமாகிவிட்டால், அது கருவிக் கடைக்குப் போகும் விஷயமில்லை. உடனே, அன்றைக்கே காது மருத்துவரிடம் போக வேண்டும். திடீர்ச் செவிப்புலன் இழப்புக்கு மருந்து எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது.

"கருவி கெட்டுப்போச்சு" என்று வருகிறவற்றில் கணிசமானவை வெறும் காதழுக்குதான். முனையில் இருக்கும் சின்ன வடிகட்டி அடைத்திருக்கும். அதை மாற்றினால் உயிர் வந்துவிடும். அடுத்தது பேட்டரி. துத்தநாகக் காற்று பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்ததும் ஓரிரு நிமிடம் காற்றுப்பட விட்டு அப்புறம் போட வேண்டும். உரித்துவிட்டால் பயன்படுத்தாவிட்டாலும் அது தீர்ந்துகொண்டே போகும். வியர்வையும் ஈரமும் கருவியின் எதிரிகள் என்பதால், ராத்திரியில் பேட்டரிக் கதவைத் திறந்து ஈரம் உறிஞ்சும் டப்பாவில் வைப்பது நல்ல பழக்கம். நாய் வளர்ப்பவர்கள் கூடுதல் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். காதழுக்கு வாசனைக்கும் விசிலுக்கும் ஓடிவந்து கடித்துப் போட்டுவிடும்.

கூட்டத்தில் மட்டும் ஏன் இன்னும் கஷ்டம்?

மாதங்கள் போன பிறகும் தீராத குறை இது. பழக்கத்தால் இது முழுக்கச் சரியாகாது என்பதை முதலிலேயே தெரிந்துகொண்டால் ஏமாற்றம் குறையும். கெட்டுப்போன காக்லியா, ஒலிகளைப் பிரித்துக் கொடுக்கும் கூர்மையையும் இழந்திருக்கிறது. பேச்சும் இரைச்சலும் கலந்து உள்ளே போனால், இரண்டையும் சேர்த்துப் பெரிதாக்குவதால் பிரிவினை வந்துவிடாது. முன்பக்கத்து ஒலியை மட்டும் அதிகம் பிடிக்கும் இரட்டை மைக்குகள் ஓரளவு உதவும், பேசுகிறவர் எதிரிலும் இரைச்சல் முதுகுப் பக்கத்திலும் இருந்தால். ஆகவே கூட்டமான இடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, பேசுகிறவரைச் சுவர்ப் பக்கம் உட்காரவைப்பது நல்ல தந்திரம்.

அதைவிடப் பெரிய ஆயுதம் தூரம். திறந்த வெளியில் தூரம் பாதியானால் பேச்சு 6 டெசிபல் ஏறும். இரைச்சல் அப்படியே இருக்கும். இரண்டு மீட்டரிலிருந்து ஒரு மீட்டருக்கு நாற்காலியை நகர்த்துவது, பல கருவிகளின் நுட்பம் செய்வதைவிட அதிகம் செய்யும். அதுவும் போதாத இடங்களில், பேசுகிறவரின் சட்டையில் மாட்டும் தனி மைக் உண்டு. அது அவருடைய வாயருகே இருந்து குரலைப் பிடித்து நேராகக் கருவிக்கு அனுப்பிவிடும்.

வீட்டில் உள்ளவர்களும் பழக வேண்டியது இருக்கிறது. கருவி போட்டாயிற்று என்று அடுத்த அறையிலிருந்து கூப்பிடத் தொடங்கிவிடுகிறார்கள். முதலில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, அவர் திரும்பிய பின் முகத்தைப் பார்த்துப் பேசினால் பாதி வேலை முடிந்தது. கத்த வேண்டாம். கத்தினால் உயிரொலிகள்தான் ஊதிப் பெருக்கும், சிரமமான மெய்யொலிகள் பெரிதாக ஏறாது. வாயின் வடிவமும் கோணிப்போகும். புரியவில்லை என்றால் அதே வாக்கியத்தை மூன்றாம் முறை சொல்வதற்குப் பதிலாக வேறு சொற்களில் சொல்லுங்கள். போனில் பேசும்போது மட்டும் கருவி போட்டவர்தான் மாற வேண்டும். காதுக்குப் பின்னால் உட்காரும் கருவியின் மைக் மேலே இருக்கிறது. போனைத் துளைக்கு நேரே வைக்காமல் இரண்டு விரல் அகலம் மேலே, சற்றுப் பின்னால் வைத்தால் தெளிவாக இருக்கும்.

ஆறு மாதம், ஒரு வருடம் ஆகும்போது பெரும்பாலும் கருவி நினைவிலிருந்து போய்விடும். சிலர் போட்டபடியே குளிக்கப் போய்ப் பதறுவார்கள். இன்னும் சிலர் மாஸ்க்கைக் கழற்றும்போது அதன் வார் கருவியையும் இழுத்துப் போட்டதை வீட்டுக்கு வந்துதான் கவனிப்பார்கள். காதும் அங்கேயே நிற்பதில்லை, வயதோடு இன்னும் இறங்கும். ஆகவே வருடம் ஒருமுறை ஆடியோகிராம் எடுத்து அளவுகளைப் புதுப்பிக்க வேண்டும். கருவியும் சில வருடங்களில் மாற்ற வேண்டிவரும். மாற்றும்போது ஒலி வேறாக இருக்கும், மறுபடியும் கொஞ்ச நாள் பழக்கம் வேண்டியிருக்கும்.

பெரியப்பா ஆறாவது வருடம் மாற்றினார். வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். பேசாமல் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தார். புதுப் பக்கத்தில் தேதி போட்டு, "சட்டை. இரண்டு வாரம் பார்க்கலாம்" என்று எழுதினார். அதற்குக் கீழே, கொஞ்சம் யோசித்துவிட்டு, "விசில், இடது, மெல்லும்போது. நாளைக்கே போகணும்."